பெயர் யாருக்குச் சொந்தம்?

போன மாதம் எங்கள் சிறுபத்திரிகையின் உதவி ஆசிரியர் வீட்டுக்கு வந்திருந்தார். வயதில் சிறியவர், காரியத்தில் கெட்டிக்காரர். இருபத்தைந்தாம் ஆண்டு மலரின் முதல் பக்கம் அச்சுக்குப் போக வேண்டியிருக்கிறது, அதில் 'தொடங்கியவர்கள்' என்று போட்டு யார் யார் பெயரைச் சேர்ப்பது என்று கேட்டார். சுலபமான கேள்விதான். விரல் விட்டு எண்ணினால் மூன்றே பேர். ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. காபி வருகிறதா பார்க்கிறேன் என்று சொல்லி உள்ளே எழுந்து போனேன். காபி வந்து, குடித்து, டம்ளரும் காலியாகிவிட்டிருந்தது.

மூன்று பேரில் ஒருவரை நாங்கள்தான் நீக்கினோம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் படுத்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது ஓர் ஆங்கில ராக் கோஷ்டி. ப்ரிடெண்டர்ஸ் என்று பெயர். அவர்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் ஒரு கேஸட் கடையில் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்து, கல்லூரியில் கால் வைத்து, உடனே காலை எடுத்தும் விட்ட சமயம் அது. ஊரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்கு இருந்தேன். ஜனங்கள் பாட்டுக்களின் பட்டியலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். வெற்றுக் கேஸட்டில் அவற்றைப் பதிந்து கொடுப்போம். பட்டியல் முழுவதும் சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். ஒரு நாள் யாரோ ஒரு வாடிக்கைக்காரர் பதியக் கொடுத்த ஆங்கிலக் கேஸட் ஒன்றைத் திரும்ப வாங்கிப் போகாமலே விட்டுவிட்டார். முதலாளி அதை என் பக்கம் தள்ளி, "தம்பி, இது நமக்கு விளங்காது. நீ வச்சுக்க" என்றார். எனக்கும் விளங்கவில்லைதான். ஆனால் அதில் பாடிய பெண்ணின் குரல் என்னை விடவில்லை. அழுகைக்குப் பக்கத்தில் போய், அழாமல் திரும்பி வருகிற குரல். 1994-இல் வெளிவந்த 'ஐ வில் ஸ்டாண்ட் பை யூ' என்ற பாட்டு அது. பாடியவர் கிறிஸ்ஸி ஹைண்ட்.

கேஸட்டின் அட்டையில் நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேர்தான் ப்ரிடெண்டர்ஸ் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் இருவர் மட்டுமே ஆரம்பத்திலிருந்து இருந்தவர்கள் என்பதும், மற்ற இருவரும் செத்துப்போன இரண்டு பேரின் இடத்தில் நின்றவர்கள் என்பதும் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. செத்தவர்களுக்கும் நின்றவர்களுக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள்.

நம் ஊரில் ஒரு நாகஸ்வரக் கோஷ்டியை வித்துவானுடைய பெயரால்தான் சொல்லுவோம். அவர் காலம் முடிந்தால் அந்தக் கோஷ்டியின் பெயரும் முடிந்தது. மேல்நாட்டு ராக் கோஷ்டிகளின் வழக்கம் வேறு. ஆட்களை ஒட்டாமல் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஆள் போனாலும் பெயர் நிற்கும். இது சௌகரியம்தான். ஆனால் இந்தச் சௌகரியத்துக்குள்ளேயே ஒரு சங்கடமும் இருக்கிறது: பெயர் நிற்கிறதே, அது யாருக்குச் சொந்தம்?

ப்ரிடெண்டர் என்ற வார்த்தைக்கு வேஷம் போடுகிறவன், பாசாங்குக்காரன் என்று பொருள். 1950-களில் பிரசித்தமாயிருந்த 'த கிரேட் ப்ரிடெண்டர்' என்ற பாட்டிலிருந்து இந்தக் கோஷ்டி தன் பெயரை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் சரித்திரத்தில் அதே வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிம்மாசனம் தனக்கே உரியது என்று வெளியே நின்றுகொண்டு உரிமை கோருகிறவனையும் ப்ரிடெண்டர் என்பார்கள். ஸ்டூவர்ட் வம்சத்தில் தகப்பனும் மகனுமாக இரண்டு பேருக்கு இந்தப் பட்டம் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தபோது இந்த இரண்டாவது பொருளை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்ஸி ஹைண்ட் இங்கிலாந்துக்காரரே அல்ல. 1951-இல் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் பிறந்தவர். மோட்டார் டயருக்குப் பேர் போன ஊர் அது. குட்இயர், ஃபயர்ஸ்டோன் என்று நாம் சக்கரங்களில் படிக்கிற பெயர்களெல்லாம் அந்த ஊரில் பிறந்தவைதான். பக்கத்தில் கென்ட் ஸ்டேட் சர்வகலாசாலையில் படித்தார். 1970 மே 4-ஆம் தேதி, யுத்த எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது அங்கே மாணவர்கள் மீது தேசியக் காவல் படையினர் சுட்டார்கள். பதின்மூன்று விநாடியில் அறுபத்தேழு குண்டுகள்; நாலு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். ஹைண்ட் அந்த மைதானத்தில் இருந்தார். செத்த நால்வரில் ஒருவர் அவருக்குத் தெரிந்த பையன். பதினெட்டு வயதில் அதைப் பார்த்த ஒரு பெண் ஊரில் தங்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

1973-இல் லண்டன் வந்து சேர்ந்தார். ஒரு சங்கீத வாரப் பத்திரிகையில் விமரிசனம் எழுதினார். மால்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். பங்க் என்ற சங்கீதப் புயல் கருக்கொண்ட இடங்களில் அந்தக் கடையும் ஒன்று. அவரோடு பழகியவர்கள், அவரோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தவர்கள், ஒவ்வொருவராகக் கோஷ்டி கட்டிக்கொண்டு போனார்கள். க்ளாஷ் என்றும் டாம்ன்ட் என்றும் அந்தக் கோஷ்டிகளின் பெயர்கள் சுவரெங்கும் ஒட்டப்பட்டன. இவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு இலை இல்லாமல் நிற்பவரைப்போல ஐந்து வருஷம் நின்றார்.

1978-இல்தான் அவருக்கு இலை விழுந்தது. டேவ் ஹில் என்பவர், சிறியதாக ஓர் இசைத்தட்டுக் கம்பெனி ஆரம்பித்தவர், ஹைண்டின் பாட்டுப் பதிவைக் கேட்டுவிட்டு, கோஷ்டி ஒன்றைச் சேர்க்க உதவினார். முதலில் வந்து சேர்ந்தவர் பீட் ஃபார்ண்டன். பேஸ் கித்தார் வாசிப்பவர். ஓர் ஆஸ்திரேலிய நாட்டுப்பாடல் கோஷ்டியோடு சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். ஊர் என்றால் ஹெரிஃபோர்ட். வேல்ஸ் எல்லையை ஒட்டிய சிறு நகரம். ஆப்பிள் மதுவுக்கும் மாட்டு இனத்துக்கும் பிரசித்தி. அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் புஸ்தகங்களைத் திருட்டுப் போகாமல் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டி வைத்திருக்கிறார்கள். புஸ்தகம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஆறுதலான செய்தி. ஃபார்ண்டன் தன் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட்டை அழைத்து வந்தார். கித்தார் அவர் கையில். டிரம் வாசிக்க வந்த மார்ட்டின் சேம்பர்ஸும் ஹெரிஃபோர்ட்காரர்தான். ஆக, பிரிட்டிஷ் கோஷ்டி என்று உலகம் சொல்லுகிற ப்ரிடெண்டர்ஸ், ஓர் அமெரிக்கப் பெண்ணும் ஒரே சிற்றூரைச் சேர்ந்த மூன்று பையன்களும் சேர்ந்தது.

பங்க் சங்கீதம் கத்தல். இரண்டு நிமிஷத்தில் முடிந்து போகிற கோபம். அதற்குப் பின் வந்ததை நியூ வேவ், அதாவது புது அலை, என்றார்கள். கோபம் அப்படியே இருக்கும். ஆனால் கூடவே ராகமும் இருக்கும். ப்ரிடெண்டர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஹைண்ட் எழுதிய சில பாட்டுக்கள் நாலு நாலாகப் போகிற வழக்கமான தாளக்கட்டுக்கு அடங்குவதில்லை. ஏழு என்று போகும், திடீரென்று ஒரு அட்சரத்தை விழுங்கிவிட்டு ஓடும். யாரிடமும் பாடம் கேட்காதவர் போடும் கணக்கு அது. அந்தக் கணக்கைத் தடுமாறாமல் பிடித்தவர்கள் ஃபார்ண்டனும் சேம்பர்ஸும். அதற்கு மேல் ஹனிமன்-ஸ்காட் செய்தது வேறு காரியம். மற்றக் கோஷ்டிகளின் கித்தார்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஐந்து நிமிஷம் வாசிப்பார்கள். இவர் நாலு வரி வாசிப்பார். அந்த நாலு வரியையும் நாம் வாயால் முணுமுணுக்கலாம். 1979-இல் வந்த 'கிட்' என்ற பாட்டின் நடுவில் வருகிற அவருடைய சிறிய வாசிப்பைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வார்த்தை இருந்த இடத்தில் மெட்டைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். ஹைண்டின் முரட்டுப் பாட்டுக்களுக்குத் தேன் தடவியது அந்த இளைஞனுடைய விரல்கள்.

1979 ஜனவரியில் முதல் இசைத்தட்டு. அது ரே டேவீஸ் என்ற மூத்த பாட்டுக்காரரின் பழைய பாட்டு. அந்த வருஷக் கடைசியில் 'பிராஸ் இன் பாக்கெட்' வந்தது. அதை வெளியிடவே வேண்டாம் என்று ஹைண்ட் பிடிவாதம் பிடித்தார். ஆனால் 1980 ஜனவரியில் அது பிரிட்டிஷ் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதே மாதத்தில் அவர்களுடைய முதல் ஆல்பமும் முதல் இடத்துக்குப் போயிற்று. தன் எழுத்தில் எது நல்லது என்று எழுதியவனுக்குக் கடைசியில்தான் தெரியும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி. எனக்கு அனுபவம் உண்டு.

இரண்டே வருஷம். 1981-இல் இரண்டாவது ஆல்பம். கச்சேரி, பிரயாணம், ஓட்டல், மறுபடி கச்சேரி. பணம் வந்தது, பணத்தோடு சேர்ந்து போதை மருந்தும் வந்தது. ஃபார்ண்டன் ஹெராயினில் ஆழ்ந்து போனார். ஒரு காலத்தில் அவரும் ஹைண்டும் காதலர்கள், அதுவும் முறிந்திருந்தது. கோஷ்டியைத் தொடங்கியபோது முதலாவதாக வந்து சேர்ந்தவர், நண்பர்களை அழைத்துவந்து அதை நிறைத்தவர், இப்போது கோஷ்டிக்குப் பாரமாகிவிட்டார். 1982 ஜூன் 14-ஆம் தேதி அவரை நீக்கினார்கள். மற்ற மூவரும் மானேஜரோடு கலந்து எடுத்த முடிவு.

ஜூன் 16-ஆம் தேதி ஹனிமன்-ஸ்காட் இறந்து போனார். கொக்கேய்ன் அவருடைய இதயத்தை நிறுத்திவிட்டது. வயது இருபத்தைந்து.

போதையால் கெட்டுப்போனார் என்று ஒருவரை வெளியேற்றினார்கள். இரண்டாம் நாள், உள்ளே இருந்தவர் போதையால் செத்தார். ஒரு நாவலில் நான் இப்படி எழுதினால் 'ஐயா, கொஞ்சம் இடைவெளி விடும்' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்க்கை அந்த ஆசிரியருக்கெல்லாம் அடங்குவதில்லை. ஃபார்ண்டன் அதன் பிறகு வேறு கோஷ்டி கட்ட முயன்றார். 1983 ஏப்ரல் 14-ஆம் தேதி, ஹெராயின் மயக்கத்தில், வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தார். வயது முப்பது.

நாலு பேரில் இரண்டு பேர் மிச்சம். மிச்சமிருந்த இருவரில் ஒருத்தி, ஹனிமன்-ஸ்காட் இறந்தபோது கர்ப்பிணி. கோஷ்டியைக் கலைத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் சொந்தப் பெயரில் பாட ஆரம்பித்திருந்தாலும் ஜனங்கள் கேட்டிருப்பார்கள். குரலும் பாட்டும் அவருடையவைதானே? ஆனால் ஹைண்ட் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பையன் செத்தபோது அவனுடைய சங்கீதமும் சேர்ந்து சாகக் கூடாது என்று தோன்றியது, அதனால்தான் கோஷ்டியே பிழைத்தது என்ற பொருளில் அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஜூலை மாதமே ஸ்டூடியோவுக்குள் போனார்கள். பில்லி பிரெம்னர் கித்தாருக்கும் டோனி பட்லர் பேஸுக்கும் அந்த வேளைக்கு மட்டும் கை கொடுக்க வந்தார்கள். சாவு வீட்டில் அக்கம்பக்கத்தார் வந்து அடுப்புப் பற்ற வைப்பதைப் போன்ற உதவி இது. அன்று பதிவானது 'பேக் ஆன் த செயின் கேங்'. சங்கிலியால் கால்களைப் பிணைத்து வேலை வாங்கப்படுகிற கைதிகளின் கூட்டத்துக்கு அந்தப் பெயர். அங்கே திரும்பவும் போய்ச் சேர்ந்தோம் என்பது தலைப்பின் பொருள். பாட்டு ஹனிமன்-ஸ்காட்டுக்கு அர்ப்பணம். அமெரிக்காவில் அது ஐந்தாம் இடம் வரை ஏறியது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஆக்ரன் நகரத்தைப் பற்றிய பாட்டு. திரும்பிப் போய்ப் பார்த்தால் ஊர் இருக்கிறது, தான் அறிந்த ஊரைக் காணோம் என்ற ஏக்கம். ஒரு பக்கம் நண்பன், இன்னொரு பக்கம் ஊர். இரண்டிலும் பெயர் மட்டும் மிச்சம்.

1984 ஜனவரியில் மூன்றாவது ஆல்பம். 'லேர்னிங் டு க்ரால்', தவழக் கற்றல், என்று பெயர். ஹைண்டின் முதல் குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் குழந்தை தவழ்ந்தது. ஸ்டூடியோவில் கோஷ்டி தவழ்ந்தது. கித்தாருக்கு ராபி மக்கின்டாஷும் பேஸுக்கு மால்கம் ஃபாஸ்டரும் நிலையாகச் சேர்ந்திருந்தார்கள். இந்த மக்கின்டாஷ் ஹனிமன்-ஸ்காட்டுக்கு நண்பர். கோஷ்டிக்கு இரண்டாவது கித்தாராக அவரைச் சேர்க்க வேண்டும் என்று ஹனிமன்-ஸ்காட்டே விரும்பியிருந்தார். துணைக்கு என்று நினைத்த ஆள் வாரிசாக வந்து சேர்ந்தார். வந்தவர் செத்தவரைப் போல நடிக்கவில்லை. ஆனால் பழைய பாட்டுக்களில் அந்த நாலு வரி வரும் இடம் வந்தால் அந்த நாலு வரியைத்தான் வாசித்தார். இதைத்தான் மரியாதை என்கிறேன்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் ஹைண்ட் தேவதை அல்ல. 1986-இல் அடுத்த ஆல்பத்தின்போது, ஆரம்பம் முதல் கூட இருந்த சேம்பர்ஸையும் நீக்கினார். இரண்டு நண்பர்களை இழந்த பிறகு சேம்பர்ஸின் வாசிப்பு தளர்ந்துவிட்டது என்பது அவர் கட்சி. ஹெரிஃபோர்டிலிருந்து வந்த மூவரில் ஒருவரும் கோஷ்டியில் இல்லை. அப்புறம் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மக்கின்டாஷ் விலகி, பின்னர் பால் மக்கார்ட்னியின் கோஷ்டிக்குப் போனார். 1987-இல் கொஞ்ச காலம் அந்த இடத்தில் நின்றவர் ஜானி மார். ஹனிமன்-ஸ்காட்டின் வாசிப்பைக் கேட்டுப் பாடம் படித்தவன் நான் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர் அவர். 1990-இல் வந்த ஆல்பத்தில் ப்ரிடெண்டர்ஸ் என்பது ஹைண்ட் ஒருவர்தான்; மற்றவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள். சிம்மாசனம் இருந்தது, ராஜ்யம் இல்லை.

நான் சொன்ன கேஸட், 1994-இல் வந்தது, இதற்கு அடுத்தது. அதில் சேம்பர்ஸ் திரும்பி வந்திருந்தார். எட்டு வருஷம் கழித்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார், அவரும் வந்திருக்கிறார். கூப்பிட்டது பெரிதா வந்தது பெரிதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. கூப்பிடுவதற்கு 'நான் செய்தது தப்பு' என்ற எண்ணம் ஒரு மூலையிலாவது வேண்டும். வருவதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும். அந்த இரண்டும் நடந்த ஆல்பத்தில்தான் 'உன் பக்கம் நிற்பேன்' என்ற தலைப்புள்ள பாட்டும் இருக்கிறது. அந்தப் பாட்டு யாரையும் மனத்தில் வைத்து எழுதியது என்று நான் சொல்ல வரவில்லை; கேட்கிறவனுக்கு அப்படிக் கேட்கிறது.

2005-இல் அமெரிக்காவில் ராக் சங்கீதக்காரர்களுக்கான கௌரவ மண்டபத்தில் ப்ரிடெண்டர்ஸைச் சேர்த்தார்கள். கௌரவம் நாலு பேருக்கு. அத்தனை வருஷமாக வந்து வாசித்துப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பட்டியலில் ஏறியவை அந்த முதல் நாலு பெயர்கள்தான். மேடை ஏறியவர்கள் ஹைண்டும் சேம்பர்ஸும். ஹைண்ட் பேசினார். இத்தனை காலமாகத் தங்கள் கோஷ்டி தங்களுக்கே நினைவுக் கச்சேரி நடத்துகிற கோஷ்டியைப் போல இருப்பது தெரியும், அது ஹனிமன்-ஸ்காட்டுக்கும் ஃபார்ண்டனுக்கும் செய்கிற அஞ்சலி என்றார். அவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இங்கே வந்திருக்க மாட்டோம் என்றார். அதோடு விட்டிருந்தால் அது வழக்கமான மேடைப் பேச்சு. அடுத்தபடியாக, நாங்கள் இல்லாதிருந்தால் அவர்கள் இன்று இருந்திருக்கலாம் என்ற பொருளிலும் ஒரு வார்த்தை சொன்னார். கைதட்டுகிற சபையில், பட்டுச் சால்வை போர்த்துகிற நேரத்தில், இதைச் சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு வரும்?

அதன் பிறகும் கோஷ்டி ஓய்ந்து போகவில்லை. ஜேம்ஸ் வால்போர்ன் என்ற இளைஞர் கித்தாருக்கு வந்தார். 2020-இல் ஓர் ஆல்பம், சேம்பர்ஸ் டிரம்மோடு. 2023-இல் இன்னொன்று, அப்போது ஹைண்டுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லாம் ப்ரிடெண்டர்ஸ் என்ற பெயரில்தான். தனிப் பெயரிலும் அவர் பாடியிருக்கிறார். ஆனால் திரும்பத் திரும்ப அந்தப் பழைய பெயருக்கே வருகிறார். அந்தப் பெயரில் பாடினால் கூட இரண்டு பேர் நிற்பார்கள் என்பது காரணமாக இருக்கலாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்.

எங்கள் பத்திரிகையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினோம். நான் ஒருவன், சின்ன அச்சகம் வைத்திருந்த நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர். பத்திரிகைக்குப் பெயர் வைத்தவர் கவிஞர்தான். நானும் அச்சக நண்பரும் ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதிக் கொண்டு போயிருந்தோம். அவர் ஒரே ஒரு பெயர் சொன்னார். எங்கள் காகிதங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

சந்தாப் பணம் மணியார்டராக அவர் வீட்டு விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஏழாவது வருஷம், அந்தப் பணம் மதுக்கடைக்குப் போகிறது என்று தெரிந்தது. சொல்லிப் பார்த்தோம், அழுதார், சத்தியம் செய்தார், மறுபடி குடித்தார். இரண்டு இதழ் நின்று போயிற்று. கடைசியில் அவரை நீக்கிக் கடிதம் எழுதினோம். கடிதத்தை எழுதியவன் நான். மூவரில் வசனம் நன்றாக எழுதுகிறவன் என்று பெயர் எனக்கு. பத்திரிகையின் நலனை முன்னிட்டு என்று ஆரம்பித்து, ஒரு பிழை இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே பக்கத்தில் எழுதி முடித்தேன்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றிய சந்தாதாரர் நோட்டு. கடிதம் ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்த்தேன். வீடு மாறிப்போன சந்தாதாரர்களின் புது விலாசங்களை யெல்லாம் விசாரித்து, பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மூன்று வருஷம் கழித்து இறந்து போனார். சாவுக்கு நான் போனேன். அவர் மனைவி, "வாங்க அண்ணா" என்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகையின் முதல் பக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கிய இதழுக்குப் பிறகு அதை மறுபடி போட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவர் வைத்த பெயர் மட்டும் ஒவ்வோர் இதழிலும் அட்டையின் உச்சியில் பெரிய எழுத்தில் வந்துகொண்டிருந்தது.

அவரை நீக்கியது சரியா தவறா என்று என்னைக் கேட்டால், அன்று வேறு வழியில்லை என்றுதான் இன்றும் சொல்லுவேன். நீக்கியிராவிட்டால் பத்திரிகை அந்த வருஷமே நின்றிருக்கும். ஃபார்ண்டனை நீக்கியதும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வேறு வழியில்லாமல் செய்த காரியத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை யாராவது ஒரு நாள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைண்ட் சபையில் நின்று ஒப்புக்கொண்டார். எனக்குச் சபை இல்லை; இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

மறுநாள் உதவி ஆசிரியருக்கு டெலிபோன் செய்தேன். "மூன்று பெயரையும் போடுங்கள். முதல் இதழில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில்" என்றேன். முதல் இதழில் முதலாவதாக இருந்தது கவிஞரின் பெயர்.

"சார், அவர் பேருக்கு முன்னால அமரர்னு போடணுமா?" என்று கேட்டார் அவர்.

"வேண்டாம். தொடங்கும்போது அவர் உயிரோடுதானே இருந்தார்?"

மலர் அடுத்த வாரம் வந்துவிடும். அவர் வீட்டுக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்ப வேண்டும் என்று விலாசத்தைத் தேடினேன். அந்தப் பழைய நோட்டில் எல்லோருடைய விலாசமும் இருக்கிறது, அவருடையது மட்டும் இல்லை. சொந்த விலாசத்தை எழுதி வைக்க அவருக்கு அவசியம் இருந்திருக்காது. தெரு எனக்குத் தெரியும். வீடும் அடையாளம் தெரியும். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.